பழைய ஒர்க்ஸ்டேஷனில் இன்றைய இணையம்: முழுமையான வழிகாட்டி

1993-இல் வந்த சிலிக்கான் கிராஃபிக்ஸ் இண்டி, 1994-இல் வந்த சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 20, 1998-இல் வந்த சன் அல்ட்ரா 5 ஆகியவை இன்றும் நன்றாகவே பூட் ஆகின்றன. ஆனால் அக்காலப் பிரவுசரான நெட்ஸ்கேப்பைத் திறந்து ஏதாவது ஒரு தளத்தின் முகவரியைத் தட்டினால், சர்வருக்கும் பிரவுசருக்கும் பொதுவான குறியாக்க முறை இல்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். பலரும் அங்கேயே கைவிட்டு, இயந்திரத்தை அலமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யத் தேவையில்லை. எந்த வேலையைப் பழைய இயந்திரத்தின் தலையில் சுமத்துவது, எதைப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய புதிய கணினியிடம் விடுவது என்று சரியாகப் பிரித்துவிட்டால், இந்த இயந்திரங்கள் இணையத்தைக் காட்டும்.

எது உடைந்திருக்கிறது?

"வெப் வரவில்லை" என்ற ஒரே புகாருக்குள் குறைந்தது நான்கு தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைக் குழப்பிக்கொண்டால் ப்ராக்ஸி (பிரவுசருக்காக வெளியே போய்ப் பக்கத்தை வாங்கித் தரும் நடு நிரல்) கோளாறுக்கு கேபிளை மாற்றுவோம், கேபிள் கோளாறுக்கு பிரவுசரை மாற்றுவோம்.

முதலாவது, குறியாக்கம். நெட்ஸ்கேப் 4 வரிசைக்குத் தெரிந்தது எஸ்எஸ்எல் 2, எஸ்எஸ்எல் 3 என்ற பழைய குறியாக்க முறைகள்தான். எஸ்எஸ்எல் 3-இல் 2014 அக்டோபரில் பூடில் என்ற ஓட்டை வெளிப்பட்டது. மறு ஆண்டே அதை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று தரநிலை வெளியானது. அதன் வாரிசுகளான 1999-இன் டிஎல்எஸ் 1.0, 2006-இன் டிஎல்எஸ் 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் ஓய்வு பெற்றன. இன்றைய சர்வர்கள் 2008-இன் டிஎல்எஸ் 1.2 அல்லது 2018-இன் டிஎல்எஸ் 1.3 கேட்கின்றன. இதற்கு நடுவில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஒரே ஐபி முகவரியில் பல தளங்கள் இருக்கும்போது, எந்தத் தளம் வேண்டும் என்பதை பிரவுசர் கைகுலுக்கலின் (குறியாக்கத்தை ஒத்துக்கொள்ளும் முதல் பேச்சின்) தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். அந்த வசதி பழைய பிரவுசர்களில் கிடையாது. சொல்லாவிட்டால் வேறு தளத்தின் சான்றிதழ் வரும், அல்லது இணைப்பே அறுபடும்.

இரண்டாவது, பக்கத்தின் உடல். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் வெற்றுத்தாளாக நிற்கும் பக்கங்கள் இன்று ஏராளம். மூன்றாவது, படங்கள். ஜிஃப், ஜேபெக் இரண்டும் பழைய பிரவுசருக்குப் புரியும். பிஎன்ஜி நெட்ஸ்கேப் 4.04-இலிருந்து புரியும், வெப்பி, ஏவிஃப், எஸ்விஜி எதுவும் புரியாது. நான்காவது, எழுத்து. யூடிஎஃப்-8 பக்கத்தை லத்தீன்-1 என்று எண்ணிப் படிக்கும் பிரவுசரில், ஒரு மேற்கோள் குறி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று விசித்திரக் குறிகள் நிற்கும். காரணம், அந்தக் குறி யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். தமிழ் எழுத்துகளும் அப்படித்தான், ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்.

இந்த நான்கில் எதையும் பழைய இயந்திரத்திலேயே தீர்ப்பது கடினம். நான்கையும் நடுவில் வைக்கும் ஒரு உதவிக் கணினியில் தீர்ப்பது எளிது. இந்த வழிகாட்டி அந்தப் பாதையில்தான் போகிறது.

என்விரேம்: பிரவுசருக்கு முன்னால் பார்க்க வேண்டியது

சன் இயந்திரம் என்றால் முதலில் திரையின் பேனர் வரியைப் பாருங்கள். ஐடிப்ராம் உள்ளடக்கம் செல்லாது என்று எழுதி, ஈதர்நெட் முகவரியாக வரிசையாக எஃப் எழுத்துகள் வந்தால், என்விரேம் சில்லின் பேட்டரி தீர்ந்துவிட்டது. கடிகாரம், பூட் அமைப்புகள், ஈதர்நெட் முகவரி எல்லாமே அந்தச் சில்லில்தான் இருக்கின்றன. முகவரி இல்லாமல் எந்த ப்ராக்ஸியும் உதவாது. ஸ்பார்க்ஸ்டேஷன் 5, 20 இரண்டிலும் எம்48டி08. அல்ட்ரா 5, 10 இரண்டிலும் எம்48டி59. பேட்டரி சில்லின் தலைக்குள்ளேயே பிசின் ஊற்றி மூடப்பட்டிருக்கும். புதிய சில்லு வாங்கிச் செருகலாம். அல்லது பிசினைச் செதுக்கி, உள்ளே உள்ள செல்லின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, வெளியே ஒரு 3 வோல்ட் சிஆர்2032 ஹோல்டரை ஒயரில் இணைக்கலாம். பழைய செல்லைத் துண்டிக்காமல் புதியதை இணையாகக் கட்டினால், செத்த செல் புதியதையும் உறிஞ்சிவிடும்.

சில்லு மாற்றிய பிறகு முகவரியைக் கையால் எழுத வேண்டும். "ஓகே" என்ற கட்டளைத் தூண்டிக்கு (ப்ராம்ப்ட்) வாருங்கள். முதலில் செட்-டிஃபால்ட்ஸ் கட்டளை. பிறகு எம்கேபி என்ற சொல்லால் ஒவ்வொரு பைட்டாக எழுத வேண்டும். வரிசை: மதிப்பு, இடைவெளி, இடம், இடைவெளி, எம்கேபி. எல்லா எண்களும் ஹெக்ஸில் (பதினாறடிமான எண்களில்).

இடம் 0-இல் 1 போகிறது. இடம் 1-இல் இயந்திர வகை. மதிப்புக்குப் பதிலாக ரியல்-மெஷின்-டைப் என்று தட்டினால் இயந்திரமே சரியான எண்ணைத் தரும். இடம் 2 முதல் 7 வரை ஈதர்நெட் முகவரியின் ஆறு பைட்டுகள். முதல் மூன்று 8, 0, 20 (ஹெக்ஸிலேயே), இது சன்னுக்கு ஒதுக்கப்பட்ட முன்னொட்டு. 8 முதல் 11 வரை தயாரிப்புத் தேதி; சுழி போட்டுவிடலாம். 12 முதல் 14 வரை ஹோஸ்ட் ஐடி; முகவரியின் கடைசி மூன்று பைட்டுகளையே இங்கும் போடுவது வழக்கம். கடைசியாக 15-ஆம் இடத்தில் சரிபார்ப்பு எண். முன்னுள்ள 15 பைட்டுகளையும் எக்ஸ்ஓஆர் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு) செய்தால் வருவது அது. ஹெக்ஸ் என்பதால் 10 முதல் 15 வரையான இடங்களை ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளாகத் தட்ட வேண்டும். இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள்: 12 என்று தட்டினால் அது பதினெட்டாம் இடம். சரிபார்ப்பு எண் பிசகினால் அடுத்த பூட்டில் அதே "செல்லாது" செய்தி திரும்பி வரும்.

ஒன்றுக்கு மேற்பட்ட சன் இயந்திரங்கள் வைத்திருப்பவர்கள் கடைசி மூன்று பைட்டுகளை ஒவ்வொன்றுக்கும் வேறுவேறாக வையுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி முகவரியை நகலெடுத்தால், இரண்டு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது இரண்டுமே விட்டுவிட்டு வேலை செய்யும். அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

கேபிள்

இண்டியும் ஸ்பார்க்ஸ்டேஷனும் 10 மெகாபிட் ஈதர்நெட். ஸ்பார்க்ஸ்டேஷன் 1, 2, ஐபிஎக்ஸ் போன்றவற்றில் 15 முள் ஏயூஐ சாக்கெட் மட்டுமே இருக்கும். அதற்கு ஏயூஐ-இலிருந்து ஆர்ஜே45-க்கு மாற்றும் டிரான்சீவர் வேண்டும். டிரான்சீவரில் எஸ்க்யூஇ என்ற சிறு சுவிட்ச் இருந்தால், கணினியோடு நேராக இணைக்கும்போது அதை ஆன் செய்து வையுங்கள்.

இன்றைய 2.5 கிகாபிட், 10 கிகாபிட் போர்ட்டுகள் சில 10 மெகாபிட்டைத் தொடுவதே இல்லை. விளக்கு எரியவில்லை என்றால் இயந்திரத்தைச் சந்தேகிக்கும் முன், நடுவில் ஒரு பழைய 10/100 ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு பொறி, டூப்ளெக்ஸ் பொருந்தாமை. பிங் அழகாகப் போகும், சிறிய பக்கம் வரும், பெரிய படம் மட்டும் இழுத்துக்கொண்டே நிற்கும். ஒரு முனை ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையும்) என்றும் மறுமுனை ஹாஃப் (ஒரு நேரத்தில் ஒரு திசை) என்றும் எண்ணிக்கொண்டிருப்பதுதான் காரணம். ஒரு பக்கத்தை மட்டும் கைமுறையாக ஃபுல் என்று பூட்டி வைத்தால் இது நிச்சயம் நடக்கும், ஏனெனில் தானாகப் பேசிக்கொள்ள முயலும் மறுபக்கம் பதில் கிடைக்காமல் ஹாஃபுக்கு இறங்கிவிடும். இரண்டு பக்கமும் தானியங்கியாக இருக்கட்டும், அல்லது இரண்டையுமே ஒரே மாதிரிப் பூட்டுங்கள்.

முகவரி அமைப்பு

இங்கே எங்கள் உறுதியான பரிந்துரை: பழைய இயந்திரத்துக்கு இணையத்துக்குப் போகும் நேர்வழியே கொடுக்காதீர்கள். பல ஆண்டுகளாகப் பாதுகாப்புத் திருத்தம் காணாத இயங்குதளம் அது. சிலிக்கான் கிராஃபிக்ஸின் யூனிக்ஸான ஐரிக்ஸின் கடைசிப் பதிப்பான 6.5.30 வந்ததே 2006-இல். உதவிக் கணினி வைஃபை வழியாக இணையத்தோடு இணையட்டும். அதன் ஈதர்நெட் போர்ட் பழைய இயந்திரங்களுக்கு மட்டும். அந்தப் போர்ட்டுக்கு 192.168.50.1, ஒர்க்ஸ்டேஷனுக்கு 192.168.50.20, மாஸ்க் 255.255.255.0. கேட்வே (வெளி வலைக்குப் போகும் வழியின் முகவரி) காலி. உதவிக் கணினியில் பாக்கெட் கடத்தலை ஆன் செய்ய வேண்டாம்.

இதில் ஒரு கூடுதல் நன்மையும் இருக்கிறது. ப்ராக்ஸியை எண் முகவரியாகவே கொடுத்துவிட்டால், தளப் பெயரை ஐபி-ஆக மாற்றும் வேலையையும் ப்ராக்ஸியே செய்துகொள்ளும். சன்னின் யூனிக்ஸான பழைய சோலாரிஸில் பெயர் தேடும் வரிசை முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பு, பிறகு என்ஐஎஸ் (உள்வலையின் பெயர் அட்டவணை) என்று இருந்து, இணையத்தின் பெயர்ப் பட்டியலான டிஎன்எஸ் பக்கமே போகாமல் படுத்தும் தொல்லை மொத்தமாக ஒழிகிறது.

சோலாரிஸில் இன்டர்ஃபேஸ் பெயர் ஸ்பார்க்ஸ்டேஷனில் எல்இ0, அல்ட்ராவில் எச்எம்இ0. இடிசி அடைவில் ஹோஸ்ட்நேம் என்ற பெயருக்குப் பின் புள்ளியும் இன்டர்ஃபேஸ் பெயரும் சேர்ந்த கோப்பு ஒன்று வேண்டும். அதற்குள் இயந்திரத்தின் பெயர். அதே பெயருக்கு ஹோஸ்ட்ஸ் கோப்பில் முகவரி இருக்க வேண்டும்.

ஐரிக்ஸில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து முதலில் ஒன்றைப் பாருங்கள். புதிதாக நிறுவிய இயந்திரத்தில் ஐரிஸ் என்ற பெயருக்கு 192.0.2.1 என்ற முகவரி இருக்கும். அது இருக்கும்வரை, முகவரி இன்னும் தரப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு ஐரிக்ஸ் நெட்வொர்க்கை எழுப்பவே எழுப்பாது. பூட் ஆகும்போது தனித்த முறையில் ஓடுகிறேன் என்று ஒரு வரி ஓடி மறையும். அதைக் கவனிக்கத் தவறுபவர்கள்தான் அதிகம். முகவரியை மாற்றி, சிஸ்_ஐடி கோப்பில் உள்ள பெயரும் ஹோஸ்ட்ஸில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்து, மறுபடி பூட் செய்யுங்கள்.

நடுவே நிற்கும் ப்ராக்ஸி

ப்ராக்ஸி என்றதும் எது போட்டாலும் போதும் என்று தோன்றும். சாதாரண ப்ராக்ஸி இங்கே உதவாது. நெட்ஸ்கேப்பில் எச்டிடிபிஎஸ் முகவரியைத் தட்டினால், அது ப்ராக்ஸியிடம் கனெக்ட் என்ற கோரிக்கையை அனுப்பும். "அந்தச் சர்வர்வரை ஒரு குழாய் போட்டுக் கொடு, மீதியை நான் பேசிக்கொள்கிறேன்" என்பது அதன் பொருள். குழாய் வழியாகக் குறியாக்கம் பேச வேண்டியது மறுபடியும் நெட்ஸ்கேப்தான். பிரச்சினை துளியும் நகரவில்லை.

வேண்டியது வேறு வகை. பிரவுசர் சாதா எச்டிடிபி-யில் கேட்க வேண்டும். ப்ராக்ஸி வெளியே போய் டிஎல்எஸ் 1.3-இல் வாங்கி, பக்கத்துக்குள் இருக்கும் எல்லா எச்டிடிபிஎஸ் இணைப்புகளையும் எச்டிடிபி ஆக்கி, உள்ளே சாதாவாகத் தர வேண்டும். வெப்ஒன் என்ற திறந்த மென்பொருள் சரியாக இதற்கென்றே எழுதப்பட்டது. எழுத்துக் குறியாக்கத்தை மாற்றவும், இமேஜ்மேஜிக்கின் துணையோடு வெப்பி போன்ற படங்களைப் பழைய வடிவங்களுக்கு மாற்றவும் அதற்குத் தெரியும்.

உதவிக் கணினிக்கு 1 ஜிபி நினைவகமுள்ள சிறிய லினக்ஸ் போர்டு போதும். வெப்ஒன்னின் லினக்ஸ் தொகுப்பை நிறுவுங்கள். இமேஜ்மேஜிக்கைத் தனியாக நிறுவுங்கள். இதை மறந்தால் எழுத்து வரும், படங்களின் இடத்தில் உடைந்த சின்னம் வரும். இயல்பான போர்ட் 8080. அமைப்புக் கோப்பு இடிசி அடைவில் இருக்கிறது. அதில் வெளியீட்டு எழுத்துக் குறியாக்கத்தை உங்கள் பிரவுசருக்குத் தெரிந்ததாக மாற்றிவிட்டு, சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.

பிரவுசரைத் தொடும் முன், டெல்நெட் என்ற எழுத்துவழி இணைப்புக் கட்டளையில் சோதியுங்கள். இந்த ஒரு சோதனை பாதி நாள் தேடலை மிச்சப்படுத்தும். ஒர்க்ஸ்டேஷனிலிருந்து 192.168.50.1-க்கு 8080-ஆம் போர்ட்டில் டெல்நெட் செய்யுங்கள். இணைந்ததும், கெட் என்று பெரிய எழுத்தில் தட்டி, இடைவெளி விட்டு, தளத்தின் முழு முகவரியை எச்டிடிபி-யில் தொடங்கி எழுதி, இடைவெளி விட்டு எச்டிடிபி/1.0 என்று முடித்து, என்டரை இரண்டு முறை அழுத்துங்கள். 200 என்ற எண்ணோடு பக்கத்தின் எச்டிஎம்எல் கொட்டினால் கேபிள், முகவரி, ப்ராக்ஸி, வெளி இணைப்பு எல்லாம் சரி. இனி மிச்சமிருக்கும் கோளாறு பிரவுசருடையது மட்டுமே. உடனே இணைப்பு மறுக்கப்பட்டால் ப்ராக்ஸி ஓடவில்லை, அல்லது வேறு இன்டர்ஃபேஸில் மட்டும் காது கொடுக்கிறது. எதுவும் வராமல் நெடுநேரம் தொங்கினால் பெரும்பாலும் ஃபயர்வால். இணைந்த பிறகு 500-இல் தொடங்கும் எண்களில் ஏதாவது வந்தால், ப்ராக்ஸி உயிரோடு இருக்கிறது, அதற்கு வெளியே போக வழியில்லை.

நெட்ஸ்கேப்பைப் பதப்படுத்துதல்

நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டரின் கடைசிப் பதிப்பு 2002-இன் 4.8. கிடைத்தால் அதையே போடுங்கள். எடிட் மெனுவில் பிரஃபரன்சஸ், அதில் அட்வான்ஸ்டு. ஜாவாவை நீக்குங்கள். ஜாவாஸ்கிரிப்டை நீக்குங்கள். ஸ்டைல் ஷீட்டையும் நீக்குங்கள். 4-ஆம் பதிப்பில் ஸ்டைல் ஷீட் எந்திரம் ஜாவாஸ்கிரிப்டின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தினாலே அதுவும் நின்றுவிடும். இன்றைய ஸ்டைல் ஷீட்டை அந்த எந்திரத்திடம் கொடுத்தால் எழுத்து எழுத்தின் மேல் ஏறும், பல நேரம் பஸ் எரர் என்று பிரவுசரே விழுந்துவிடும். இதை நீக்கியதும் பக்கம் அழகற்றதாக, மேலிருந்து கீழாக ஒரே நீளமாக ஓடும். ஆனால் படிக்க முடியும், வேகமாகவும் வரும். அதுதான் வேண்டும்.

அடுத்து ப்ராக்சீஸ் பகுதியில் கைமுறை அமைப்பைத் தேர்ந்து, எச்டிடிபி வரிசையில் 192.168.50.1, போர்ட் 8080. செக்யூரிட்டி வரிசையைக் காலியாக விடுங்கள். தப்பித்தவறி எச்டிடிபிஎஸ் இணைப்பை அழுத்தினால் உடனே தோல்வி தெரியும். முகவரிப் பட்டியில் எஸ் எழுத்தை அழித்து என்டர் தட்டினால் பக்கம் வந்துவிடும். டிஸ்க் கேஷை 1000 கேபி-க்குக் குறைக்கலாம். ப்ராக்ஸி பக்கத்திலேயே இருக்கும்போது, தேய்ந்த ஸ்கஸி டிஸ்க்கில் எழுதுவதால் பெரிய இலாபமில்லை.

மொசெய்க் போன்ற இன்னும் பழைய பிரவுசர்களில் ஒரு தனி அறிகுறி உண்டு. பக்கத்தின் தொடக்கத்திலும் நடுநடுவிலும் எண்ணும் எழுத்தும் கலந்த சிறு துண்டுகள் தனி வரியில் தெரியும். சர்வர் எச்டிடிபி 1.1-இன் துண்டு முறையில் அனுப்புகிறது, 1.0 மட்டும் தெரிந்த பிரவுசர் ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் பக்கத்தின் எழுத்தென்று நினைத்துக் காட்டுகிறது. ப்ராக்ஸி வழியே வந்தால் இது நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் அந்தப் பக்கம் ப்ராக்ஸியைத் தாண்டி வருகிறது என்று அர்த்தம்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு: ஃப்ராக்ஃபைண்ட் என்ற தேடுதளம் பழைய பிரவுசர்களுக்காகவே சாதா எச்டிடிபி-யில் நடத்தப்படுகிறது. தேடல் முடிவுகளையும், அழுத்தித் திறக்கும் பக்கங்களையும் வெறும் எழுத்தாக உரித்துத் தருகிறது.

256 நிறங்களின் கதை

டர்போஜிஎக்ஸ் கார்டு போட்ட ஸ்பார்க்ஸ்டேஷனும், 8 பிட் திரைகொண்ட இண்டியும் ஒரே நேரத்தில் 256 நிறங்களையே காட்டும். அந்த 256 இடங்களைத் திரையில் ஓடும் எல்லா நிரல்களும் பங்கு போடுகின்றன. பின்னணிப் படம், கடிகாரம், மெயில் சின்னம் எல்லாம் தங்கள் பங்கை எடுத்த பிறகு நெட்ஸ்கேப் வந்தால், அதற்கு மிஞ்சுவது சொற்பம். முகங்கள் பச்சையாகவும் வானம் ஊதாவாகவும் தெரியும். மைனஸ் இன்ஸ்டால் என்ற விருப்பத்தோடு நெட்ஸ்கேப்பைத் தொடங்கினால் அது தனக்கென்று ஒரு தனி நிற அட்டவணை போட்டுக்கொள்ளும். மவுஸ் அந்தச் சாளரத்துக்குள் இருக்கும்போது மற்றவற்றின் நிறம் குழம்பும், வெளியே வந்தால் இது குழம்பும். பிடிக்கவில்லை என்றால், பின்னணியை ஒற்றை நிறமாக்கிவிட்டு நெட்ஸ்கேப்பை முதல் ஆளாகத் திறந்து பாருங்கள். பல இயந்திரங்களில் அதுவே போதும்.

பக்கத்தைப் படமாக வாங்குவது

ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் உயிர் பெறாத பக்கங்களை வெப்ஒன் காப்பாற்றாது, வெற்றுக்கூடுதான் வரும். அதற்கு வேறொரு வழி: உதவிக் கணினியில் முழு குரோமியம் பிரவுசரை ஓட்டி, அது வரைந்த பக்கத்தை ஒரே ஜிஃப் படமாக அனுப்புவது. டபிள்யூஆர்பி என்ற மென்பொருள் இதைச் செய்கிறது. படத்தின் மேல் எங்கே அழுத்தினாலும் அந்தப் புள்ளியின் இரண்டு ஆயங்கள் சர்வருக்குப் போகும். அங்கே குரோமியம் அதே புள்ளியை அழுத்தி, புதிய படத்தைத் திருப்பி அனுப்பும். இப்படி ஆயங்களை அனுப்பும் படவரைபட வசதி மொசெய்க் காலத்திலேயே வந்துவிட்டது. அதனால் 30 வயதான பிரவுசர்கூட இன்றைய வரைபடத் தளத்தில் உலவ முடிகிறது. தட்டச்சு செய்ய மேலே ஒரு பெட்டியும், ரிட்டர்ன், பேக்ஸ்பேஸ் போன்றவற்றுக்குப் பொத்தான்களும் உண்டு.

குரோமியம் ஓடுவதால் இதற்கு 2 ஜிபி நினைவகமாவது வேண்டும். டாக்கரில் (நிரலை ஒரு தனிப் பெட்டிக்குள், அதாவது கன்டெய்னருக்குள் ஓட்டும் கருவி) ஓட்டுவது எளிய வழி. இதன் இயல்பான போர்ட்டும் 8080 என்பதை மறக்காதீர்கள். வெப்ஒன்னோடு மோதும், இரண்டாவதாக எழுவது எழாமலே செத்துவிடும். டபிள்யூஆர்பி-க்கு 8081 கொடுங்கள். இதை ப்ராக்ஸி அமைப்பில் போடக் கூடாது. நெட்ஸ்கேப்பின் முகவரிப் பட்டியில் 192.168.50.1, பின் 8081 என்று தட்டி ஒரு பக்கமாகவே திறக்க வேண்டும். வெப்ஒன் வழியே சுற்றிப் போகாமல் இருக்க, நெட்ஸ்கேப்பின் "ப்ராக்ஸி வேண்டாத முகவரிகள்" பட்டியலில் 192.168.50.1-ஐச் சேருங்கள்.

அளவு கொடுக்கும் விருப்பம் மைனஸ் ஜி. அகலம், உயரம், நிறங்கள் என்ற மூன்றையும் ஆங்கில எக்ஸ் எழுத்தால் கோத்துக் கொடுக்க வேண்டும். ஸ்பார்க்ஸ்டேஷனின் 1152×900 திரைக்கு 1100, 700, 216 பொருந்தும். பிரவுசரின் பட்டைகளும் ஓர ஸ்க்ரோலும் போக மிச்சமிருக்கும் இடம் ஏறக்குறைய அதுதான். உயரத்தைச் சுழியாக வைத்தால் பக்கம் முழுதும் ஒரே நீளப் படமாக வரும். 32 எம்பி நினைவகமுள்ள இயந்திரத்தில் அது டிஸ்க்கைக் கரகரவென்று சுற்ற வைக்கும். 216 என்பதற்கும் காரணம் உண்டு. 8 பிட் திரையில் நெட்ஸ்கேப் எடுத்துக்கொள்ளும் நிறக்கட்டம் 6×6×6. அதே எண்ணிக்கையில் படத்தைத் தயாரித்து அனுப்பினால், மறுபடி புள்ளி தூவி நிறத்தைச் சமாளிக்கும் வேலை குறைகிறது. எழுத்தின் விளிம்பு சுத்தமாக வரும். 24 பிட் திரையுள்ள சிலிக்கான் கிராஃபிக்ஸ் ஓ2 போன்றவற்றில் ஜேபெக் அழகாக இருக்கும். ஆனால் 100 மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு ஜேபெக்கை விரிப்பது சுமை. அங்கே ஜிஃபே மேல்.

படம் பாதி வரையப்பட்ட நிலையில் வருகிறதென்றால், பக்கம் முடியும் முன்பே சர்வர் படமெடுத்துவிடுகிறது. காத்திருப்பு நேரத்தை 2 விநாடியிலிருந்து 4-க்கு உயர்த்துங்கள்.

தமிழ்ப் பக்கம் படிக்க நினைப்பவர்களுக்கு இந்த வழிதான் பொருத்தம். நெட்ஸ்கேப் 4-க்குக் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் வைத்துக் கோக்கத் தெரியாது. பக்கத்தையே படமாக்கினால் அந்தக் கவலை இல்லை. ஆனால் எழுத்துரு டாக்கருக்குள் இருக்க வேண்டும், ஒர்க்ஸ்டேஷனில் இருந்து பயனில்லை. எழுத்துகளின் இடத்தில் கட்டம் கட்டமாக வந்தால், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை அந்தக் கன்டெய்னருக்குள் சேர்த்து மறுபடி தொடங்குங்கள்.

எக்ஸ் விண்டோ வழி

ஒர்க்ஸ்டேஷனுக்கு மட்டும் வாய்த்த வரம் ஒன்று இருக்கிறது. இவை எல்லாம் எக்ஸ் விண்டோ இயந்திரங்கள். நிரல் ஒரு கணினியில் ஓட, சாளரம் இன்னொன்றில் திறக்கலாம். ஒர்க்ஸ்டேஷனில் எக்ஸ்ஹோஸ்ட் கட்டளையால் உதவிக் கணினியின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். எல்லோருக்கும் திறந்துவிடும் வெறும் கூட்டல் குறியைப் போடாதீர்கள். உதவிக் கணினியில் டிஸ்ப்ளே மாறியை 192.168.50.20:0 என்று வைத்து ஒரு நிரலைத் தொடங்குங்கள். பழைய எக்ஸ் சர்வர் 6000-ஆம் போர்ட்டில் காத்திருக்கும்.

கடிகாரம், டெர்மினல், டில்லோ பிரவுசர் போன்ற சிறு நிரல்கள் இப்படி நன்றாக வரும். முழு ஃபயர்ஃபாக்ஸ் வேறு கதை. அது 24 பிட் திரையை எதிர்பார்க்கிறது. 8 பிட்டில் பெரும்பாலும் எழவே எழாது. ரெண்டர் நீட்சி இல்லாத பழைய எக்ஸ் சர்வருக்கு, ஒவ்வொரு எழுத்தையும் படமாகவே அனுப்ப வேண்டியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1280×1024 திரை, புள்ளிக்கு 4 பைட், மொத்தம் 5.2 எம்பி. 10 மெகாபிட் கம்பியில் விநாடிக்கு அதிகபட்சம் 1.25 எம்பி. ஒரு முழுத்திரை மாற 4 விநாடிக்கு மேல். ஒரு ஸ்க்ரோலுக்கே பொறுமை தீர்ந்துவிடும். 100 மெகாபிட் உள்ள ஓ2, அல்ட்ரா வரிசையில் மட்டும் முயலுங்கள்.

நடுவழியாக, இன்னொரு கணினியின் திரையைப் படமாகக் காட்டும் விஎன்சி இருக்கிறது. உதவிக் கணினியில் பிரவுசரை ஒரு விஎன்சி திரையில் ஓட்டி, ஒர்க்ஸ்டேஷனில் டைட்விஎன்சி 1.3-இன் வியூவரைத் தொகுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிஜிஆர்233 என்ற விருப்பம் புள்ளிக்கு ஒரு பைட் மட்டுமே கேட்கும். 8 பிட் திரைக்கு அளவெடுத்துத் தைத்தது போல. மாறிய பகுதி மட்டும் சுருக்கப்பட்டு வருவதால் 10 மெகாபிட்டிலும் தாங்கும்.

இயந்திரமே நேராகப் பேச வேண்டும் என்றால்

உதவிக் கணினி வேண்டாம், என் இயந்திரமே டிஎல்எஸ் பேசட்டும் என்பவர்களின் ஆசையும் நியாயமானதே. கிரிப்டோ ஏன்சியன் என்ற நூலகம் பழைய யூனிக்ஸ்களுக்காகவே டிஎல்எஸ் 1.3-ஐ எழுதி வைத்திருக்கிறது. ஐரிக்ஸ், சோலாரிஸ், நெக்ஸ்ட்ஸ்டெப் போன்றவற்றில் தொகுபடும். அதோடு வரும் கார்ல் என்ற சிறு நிரலை, இணைப்பு வரும்போது நிரலை எழுப்பும் ஐநெட்டி மூலம் உள்ளேயே ஒரு ப்ராக்ஸியாக நிறுத்தலாம். இரண்டு எச்சரிக்கைகள். அது சான்றிதழைச் சரிபார்ப்பதில்லை. ஆகவே குறியாக்கம் உண்டு, எதிரே இருப்பவர் யார் என்ற உறுதி இல்லை. மற்றது, மெதுவான செயலியில் கைகுலுக்கல் கணக்கு நீண்டு, சர்வர் பொறுமையிழந்து இணைப்பை அறுத்துவிடலாம்.

அல்லது இயங்குதளத்தையே மாற்றலாம். நெட்பிஎஸ்டி இன்றும் ஸ்பார்க், இண்டி, ஓ2 ஆகியவற்றில் ஓடுகிறது. அதன் மென்பொருள் தொகுப்பான பிகேஜிசோர்ஸில் லிங்க்ஸ், டபிள்யூ3எம், டில்லோ போன்ற பிரவுசர்கள் எல்லாம் உண்டு. நவீன ஃபயர்ஃபாக்ஸை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: அதைத் தொகுக்க ரஸ்ட் மொழி வேண்டும், நினைவகமும் ஜிபி கணக்கில் வேண்டும். இண்டியின் உச்சமே 256 எம்பி.

கோப்புகள், கடவுச்சொற்கள்

பெரிய கோப்புகளை நெட்ஸ்கேப்பில் இறக்காதீர்கள். உதவிக் கணினியில் இறக்கி, அங்கிருந்து எஃப்டிபி-யில் எடுங்கள். பைனரி என்று தட்டிய பிறகே எடுங்கள். என்எஃப்எஸ் 3 (அடைவை வலைவழியே பகிரும் முறை) தெரிந்த சோலாரிஸும் ஐரிக்ஸ் 6-ம் அடைவை மவுன்ட் செய்துகொள்ளலாம். எக்ஸ்இசட் சுருக்கம் பழைய யூனிக்ஸில் இராது. அனுப்பும் முன்பே ஜிஜிப்பாக மாற்றிவிடுங்கள். வீடியோ வேண்டுமென்றால் 320×240 அளவில் எம்பெக்-1 ஆக மாற்றி அனுப்புங்கள். ஓ2 தாராளமாக ஓட்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒர்க்ஸ்டேஷனுக்கும் உதவிக் கணினிக்கும் இடையே ஓடுவதெல்லாம் குறியாக்கம் இல்லாத வெறும் எழுத்து. வங்கி, மெயில், எந்தக் கணக்கின் கடவுச்சொல்லையும் இதில் தட்டாதீர்கள். 8080, 8081 இரண்டும் 192.168.50.1-இல் மட்டும் காது கொடுக்கும்படி ஃபயர்வாலில் பூட்டுங்கள். வைஃபை பக்கம் திறந்து கிடந்தால், அந்த வலையில் இருக்கும் யாரும் உங்கள் குரோமியத்தை ஓட்டலாம். பூட்டியாயிற்றா என்று வேறொரு கணினியிலிருந்து உதவிக் கணினியின் வைஃபை முகவரிக்கு அதே டெல்நெட்டைப் போட்டுப் பாருங்கள். இணைப்பு மறுக்கப்பட வேண்டும், அல்லது எதுவும் வராமல் தொங்க வேண்டும்.